பதினாறு இஞ்ச் காலர்

புருஷனுக்குக் கழுத்து ஆபரேஷன் முடிந்து மூன்றாம் மாதம் காஜாக்கா அவருக்கு ஒரு சட்டை தைத்தாள். ஏழு பொத்தான் சட்டை. பொத்தான் நுழைகிற துளையைச் சுற்றி நூல் கட்டுவதைத் தையல்கடையில் காஜா எடுப்பது என்பார்கள். முப்பது வருஷமாக அதையே செய்து அதுவே பெயராகிப் போனவள், இந்தச் சட்டைக்கு மட்டும் ஒவ்வொரு காஜாவையும் ஒரு நூல் அளவு குறைத்து இறுக்கமாக எடுத்தாள். கைத்தவறு இல்லை, வேண்டுமென்றேதான். லேசில் நுழைந்துவிட்டால் விரலுக்கு என்ன வேலை இருக்கிறது என்பது அவள் கட்சி.

"இந்தாங்க. போட்டுக்கிட்டு வெளிய வாங்க. டீ அதுக்கப்புறம்தான்."

மாஸ்டர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து சட்டையைப் பார்த்தார். அந்தத் தெருவுக்கே கட்டிங் மாஸ்டர் அவர். துணியை எட்டு மடிப்பாக விரித்து, சாக்குக் கட்டியால் கோடு போட்டு, ஒரே இழுப்பில் கத்தரித்துத் தள்ளிய கை அவருடையது. இப்போது அந்தக் கையில் பொத்தான் இருக்கிறதா, நழுவிவிட்டதா என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. முதல் பொத்தானுக்குப் பத்து நிமிஷம் ஆனது. நான்காவதற்கு வருவதற்குள் நெற்றியெல்லாம் வியர்த்துவிட்டது.

"இது நுழையல."

"நுழையும்."

"துளை சின்னதா இருக்கும்மா."

"எனக்கே காஜா சொல்லித் தர்றீங்களாக்கும். துளையெல்லாம் சரியாத்தான் இருக்கு. படத்துல ஒண்ணும் இல்ல. உங்களுக்குத்தான் மனசு இல்ல."

இதை அவள் சொல்லாத நாள் கிடையாது. சில நாள் இரண்டு வேளையும் சொல்வாள், மாத்திரை மாதிரி. டீ ஆறி ஆடை கட்டின பிறகு ஆறு பொத்தானோடு வெளியே வந்தார். ஏழாவது எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்பினாள்.

காஜாக்கா பிறவியிலேயே கல்நெஞ்சக்காரி என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். அவளிடம் டாக்டர் வாக்கு இருந்தது. கை திரும்பி வரும் என்று ஸ்கேன் படத்தைப் பார்த்துச் சொன்ன வாக்கு. அந்த வாக்கை நம்பித்தான் அவள் மூன்று மாதமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். மாஸ்டருடைய கை வந்தால் கடை உண்டு. வராவிட்டால் கடையும் இல்லை, அவரும் வெறும் ஆள்தான் என்று அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

எல்லாம் ஆரம்பித்தது இரண்டு வருஷம் முன்னால். முதலில் கத்தரிக்கோல் நழுவியது. வயசாச்சு, எண்ணெய்க் கை என்று சொல்லிச் சமாளித்தார். அப்புறம் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. கண்ணாடி மாற்றினார். பிறகு ஒருநாள் கடைப்படியில் கால் வைக்கும்போது, "தரை பஞ்சு மாதிரி இருக்குடி" என்றார். பக்கத்து டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். முப்பது வருஷம் மேஜைமேல் குனிந்தே நின்ற கழுத்து. எலும்பு தேய்ந்து வளர்ந்து, உள்ளே போகிற நரம்புத் தண்டை நாலு இடத்தில் நெருக்கிக்கொண்டிருந்தது. சீக்கிரம் ஆபரேஷன் பண்ணிவிடுங்கள் என்றார் டாக்டர்.

சீக்கிரம் என்றால் எப்போது? பள்ளிக்கூட யூனிஃபார்ம் சீசன் அது. கடை நிறைய துணி. சீசன் முடியட்டும் என்றாள் காஜாக்கா. மாஸ்டரும் சரி என்றார். சீசன் முடிந்ததும் ஒரு பாக்டரியிலிருந்து முந்நூறு சட்டை வந்தது. அதுவும் முடியட்டும் என்றார் மாஸ்டர், இந்த முறை அவராகவே. இப்படியே எட்டு மாதம் ஓடியது. கடைசியில் சுவரைப் பிடிக்காமல் நடக்க முடியாமல் போன பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

அங்கே கழுத்துக்கென்றே ஒரு டாக்டர். வெளியூர்க்காரர், ஆறு வாரத்துக்கு ஒருமுறை வருவார். வாசலில் ஐம்பது பேர் காத்திருந்தார்கள். அவர் மாஸ்டரின் உள்ளங்கையைத் தட்டிப் பார்த்தார், விரலை மடக்கி விரிக்கச் சொல்லிப் பார்த்தார், படத்தைக் கேட்டார். கொடுத்ததும் தேதியைப் பார்த்து முகம் சுளித்தார்.

"எட்டு மாசம் ஆச்சேம்மா. புதுசா ஒண்ணு எடுத்துக்கிட்டு நாளன்னிக்கு வாங்க. நான் ரெண்டு நாள் இங்கதான் இருப்பேன்."

"ஆபரேஷன் பண்ணணுங்களா டாக்டர்?"

"அது எப்படியும் பண்ணணும். கேள்வி அதில்ல. பண்ணினப்புறம் கை எவ்வளவு தேறும்? அதைப் படம்தான் சொல்லும். தண்டுக்குள்ள வெள்ளையா ஒரு தடம் விழுந்திருந்தா, நெருக்கத்தை எடுத்தாலும் போனது திரும்பாது. இருக்கிறதைக் காப்பாத்திக்கலாம், அவ்வளவுதான். தடம் இல்லேன்னா கவலையே வேண்டாம், ஆறு மாசத்துல ஊசி கோக்கலாம்."

அன்றைக்கே ஸ்கேன் எடுத்தார்கள். படத்தை மறுநாள் காலையில் வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். மறுநாள் கொட்டித் தீர்த்தது மழை. காஜாக்காவின் தம்பி போய் வாங்கி வந்தான். தம்பி என்றால் நாற்பத்தைந்து வயசுத் தம்பி. கடையில் ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மிஷின் அவன் பொறுப்பு, அந்த மிஷின் மாதிரியே ஓயாமல் பேசுவான், அதனால் அவனுக்கு ஓவர்லாக் என்று பெயர். படத்தைப் பனியனுக்குள் வைத்து நனையாமல் கொண்டுவந்தவன், மேஜையில் வைத்தால் சாரல் அடிக்கும் என்று கதவுக்குப் பின்னால் இருந்த பலகைமேல் வைத்தான். அக்கா காதில் விழுகிற மாதிரி சொல்லவும் சொன்னான். நாலு மிஷின் ஓடுகிற கடையில் யார் காதில் என்ன விழும்?

அந்தப் பலகையில்தான் வினை. மாஸ்டர் கடையில் காலர், கஃப், பாக்கெட் எல்லாவற்றுக்கும் அச்சு வெட்டுவது பழைய எக்ஸ்ரே படத்தில். அட்டை அச்சு நாலு மாதத்தில் முனை மழுங்கும். எக்ஸ்ரே படம் மடங்காது, பிசிறாது, சாக்குக் கோடு வழுக்கிக்கொண்டு போகும். வாடிக்கையாளர்கள் அதைத் தெரிந்துகொண்டு, அவரவர் வீட்டில் கிடக்கிற உடைந்த கை, உடைந்த கால், சளி கட்டின நெஞ்சு என்று உறையோடு கொண்டுவந்து அந்தப் பலகையில் போட்டுவிட்டுப் போவார்கள். எவர் நெஞ்சு எவர் காலராயிற்று என்று யாரும் பார்த்ததில்லை.

அன்று சாயங்காலம் பாக்டரி ஆள் மீதி ஐம்பது சட்டைக்கு வந்து நின்றான். பதினாறு இஞ்ச் காலர் அச்சு அன்றைக்கென்று பார்த்து நடுவில் விண்டுவிட்டது. மாஸ்டர் வீட்டில் படுத்திருந்தார். காஜாக்கா கதவுக்குப் பின்னால் கையை விட்டு, மேலே இருந்த உறையை உருவி, உள்ளே இருந்த படத்தை எடுத்து, பழைய அச்சை அதன்மேல் வைத்து வெட்டினாள். உறையும் அதிலிருந்த காகிதமும் கழிவுத்துணி மூட்டையோடு போயின. ஐம்பது காலரும் எட்டு மணிக்குள் முடிந்துவிட்டன.

மறுநாள் காலையில் டாக்டரிடம் கிளம்பும்போது படத்தைத் தேடினாள்.

"பலகைமேல வச்சேன்க்கா. கதவுக்குப் பின்னாடி."

"அந்தப் பலகையை மூணு தடவை கொட்டிப் பார்த்தாச்சு. எல்லாம் ஊரான் எலும்பு. உங்க மாமா படம் இல்ல."

"என் கையால வச்சேன். என் பிள்ளைங்க மேல சத்தியமா."

"பிள்ளைங்களை ஏன்டா இழுக்கறே? மழைக்கு எங்கயாவது ஒதுங்கி நின்னு விட்டுட்டு வந்திருப்பே. இல்ல போகவே போயிருக்க மாட்டே. நீ என்னிக்குச் சொன்ன வேலையைச் செஞ்சிருக்கே? பொய்யைத் தவிர உன் வாயில என்ன வரும்?"

கடையில் இரண்டு வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். அக்கா வாயை அறியாதவன் இல்லை ஓவர்லாக். ஆனாலும் அன்றைக்கு அவனுக்குத் தாங்கவில்லை. கழுத்தில் கிடந்த டேப்பைக் கழற்றி மிஷின்மேல் வைத்தான். "மாமாவுக்காகத்தான் இத்தனை நாள் இருந்தேன்" என்று ஒரே ஒரு வாக்கியம் பேசினான். வாழ்நாளில் அவன் பேசிய மிகச் சின்னப் பேச்சு அதுதான். அந்த வாரமே எதிர்வரிசைக் கடையில் சேர்ந்துவிட்டான்.

ஸ்கேன் சென்டரில் நகல் எடுக்க மூன்று நாள் ஆகும் என்றார்கள். டாக்டரோ அன்று மாலை ஊருக்குப் போகிறார். விட்டால் இன்னும் ஆறு வாரம். காஜாக்கா யோசித்தாள். யோசித்தாள் என்றால், கடைக்காரி எப்படி யோசிப்பாளோ அப்படி. கடையில் ஒரு அளவு நோட்டு உண்டு. ஒருத்தருக்கு ஒருமுறை கழுத்தளவு எழுதிவிட்டால் திருப்பி எடுக்கிற வழக்கமே கிடையாது. "வயிறு வளரும் சார், கழுத்து எங்க வளரப் போகுது?" என்று மாஸ்டரே வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சிரிப்பார். அதே கழுத்துதானே? எட்டு மாதத்தில் என்ன வேறு கழுத்தா முளைத்துவிடும்? பழைய படத்தின் உறையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

"புதுசா எடுத்தாச்சா?" என்று கேட்டார் டாக்டர்.

"எடுத்தாச்சு டாக்டர்," என்றாள். அதில் பொய் ஒன்றும் இல்லை. உறையை நீட்டினாள்.

முதல் தடவை தேதியைப் பார்த்த அதே டாக்டர் இன்று தேதியைப் பார்க்கவில்லை. ஐம்பது பேரில் அவருக்கு இது நாற்பத்தொன்றாவது கழுத்து. படத்தை வெளிச்சப் பெட்டியில் சொருகி, விரலால் தண்டை மேலிருந்து கீழாகத் தடவிக்கொண்டு வந்தார்.

"நல்லவேளை. தண்டு கறுப்பா சுத்தமா இருக்கு. வெள்ளைத் தடம் ஒண்ணும் இல்ல. பயப்படாதீங்க, கை வந்துடும். ஆனா பயிற்சியை விடக் கூடாது. இவர் மனசு வச்சாப் போதும்."

காஜாக்காவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் எடுத்துக்கொண்டு வந்தது அந்தக் கடைசி வார்த்தைகளைத்தான்.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. கழுத்துப் பட்டையோடு வீட்டுக்கு வந்தார் மாஸ்டர். முதல் மாதம் அவள் ஊட்டிவிட்டாள், குளிப்பாட்டினாள், தலை வாரினாள். இரண்டாம் மாதம் ஊட்டுவதை நிறுத்தினாள். அவித்த முட்டையை ஓட்டோடு தட்டில் வைத்தாள். "உரிச்சுச் சாப்பிடுங்க." அவர் உரித்ததில் பாதி முட்டை ஓட்டோடு போனது. மீதிப் பாதியைத் தின்றுவிட்டு எழுந்தார். கைத்தடியை எடுத்துப் பரண்மேல் போட்டாள். சுவரைப் பிடித்து நடந்தால், "சுவர் அழுக்காகுது" என்றாள்.

பயிற்சிக்கு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். தினமும் காலையில் வெட்டு மேஜையின் ஒரு மூலையில் காகிதத்தை விரித்து, அந்தப் பதினாறு இஞ்ச் காலர் அச்சை வைத்து, அவர் கையில் சாக்கைக் கொடுப்பாள். அச்சைச் சுற்றிக் கோடு போட வேண்டும். முப்பது வருஷமாக அவர் கண்ணை மூடிக்கொண்டு போட்ட கோடு. இப்போது சாக்கு அச்சைவிட்டு ஓடிக் காகிதத்தின் ஓரத்துக்குப் போய்விடும். சில நாள் அச்சே நழுவிக் கீழே விழும்.

"மூணாங் கிளாஸ் பிள்ளை இதைவிட நல்லாப் போடும்."

"விரல் கேட்கலம்மா. நான் சொல்றேன், அது கேட்கல."

"கேட்கிற மாதிரி சொல்லணும். டாக்டர் பொய் சொல்வாரா? படம் பொய் சொல்லுமா? நீங்க சுகம் கண்டுட்டீங்க. உட்கார்ந்த இடத்துல சோறு வருது, பொண்டாட்டி ஓடி ஓடிச் சம்பாதிக்கறா, அப்புறம் கை எதுக்கு வரணும்?"

ஆஸ்பத்திரியிலிருந்து வாரம் ஒருமுறை பயிற்சி கொடுக்க ஒரு பெண் வருவாள். சின்ன வயசு, கண்டிப்பானவள். அவளே ஒருநாள் சொன்னாள்.

"அம்மா, எலாஸ்டிக் வச்ச பேண்ட் தைச்சுக் கொடுங்களேன். இவருக்கு அவசரம்னா தாங்க முடியாது. நரம்பு வியாதியில அப்படித்தான். பொத்தானோட போராடிக்கிட்டிருந்தா எப்படி?"

"எலாஸ்டிக் போட்டா அப்புறம் வாழ்நாள் முழுக்க எலாஸ்டிக்தான்மா. நீங்க பாவம் பார்க்காதீங்க. படத்துல ஒண்ணும் இல்ல."

அடுத்த வாரமே அது நடந்தது. கடை நிறைய ஆள். மாஸ்டர் மேஜை மூலையில் கோடு போட்டுக்கொண்டிருந்தவர் சட்டென்று எழுந்தார். பின்கட்டுக் கக்கூஸுக்குப் பத்தடி தூரம். சுவரைப் பிடித்து ஐந்தடி போனார், நின்று இடுப்புப் பொத்தானைக் கழற்றப் பார்த்தார். காஜாக்கா போய்க் கழற்றிவிட்டிருக்கலாம். எழுந்திருக்கக்கூடப் பார்த்தாள். ஆனால் இன்றைக்கு உதவினால் நாளைக்கும் உதவ வேண்டும் என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டு ஊசியை விடாமல் உட்கார்ந்திருந்தாள். துணி கொடுக்க வந்த அம்மாள்தான் முதலில் தரையைப் பார்த்து முகத்தைத் திருப்பினாள். வெளிறின பேண்டில் ஈரம் முழங்கால்வரை இறங்கிவிட்டது.

அவமானம் காஜாக்காவுக்குக் கோபமாகத்தான் வந்தது. ஈரத்துணியால் தரையைத் துடைத்துக்கொண்டே அந்த அம்மாளிடம் சொன்னாள், சத்தமாக, அவருக்குக் கேட்கும்படி:

"ஆபரேஷனெல்லாம் நல்லாத்தாங்க ஆச்சு. இவருக்குத்தான் மனசு இல்ல. என்ன பண்றது, நம்ம தலையெழுத்து."

மாஸ்டர் திரும்பி வந்து ஈரப் பேண்டோடு ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தார். கையில் அந்தக் காலர் அச்சு இருந்தது. போகும்போது கையோடு எடுத்துப்போயிருக்கிறார் போல. அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது. பிறகு வாயை மூடிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர் ரொம்ப ஒழுங்காகிவிட்டார். சொல்லாமலே காலையில் வந்து மேஜை மூலையில் உட்கார்ந்து, "சாக்கு குடு" என்பார். அவள் திட்டினால் தலையை நிமிர்த்தி அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டுக்கொள்வார். முன்பெல்லாம் குனிந்துகொள்வார். வழிக்கு வந்துவிட்டார் என்று காஜாக்கா நினைத்தாள். நான் பிடித்த பிடி வீண் போகவில்லை என்று பெருமையாகக்கூட இருந்தது.

கோடு மட்டும் நேராகவே இல்லை.

ஆறு மாதம் முடிந்து கழுத்து டாக்டர் மறுபடி படம் எடுக்கச் சொன்னார். எடுத்தார்கள். மறுநாள் டாக்டரைப் பார்க்கக் கிளம்பும்போது மாஸ்டர் வரவில்லை என்றார்.

"நீயே போ. அவர் படத்தைத்தானே பார்க்கப் போறாரு. நான் எதுக்கு நடுவுல?"

டாக்டர் புதுப் படத்தை வெளிச்சப் பெட்டியில் சொருகினார். விரல் தண்டின் மேலிருந்து இறங்கி வந்து பாதியில் நின்றது. பழைய படத்தைக் கேட்டு வாங்கிப் பக்கத்தில் சொருகினார். அப்போதுதான் அதன் மூலையில் இருந்த சின்ன எழுத்தைக் குனிந்து படித்தார்.

"இது எப்ப எடுத்தது?"

காஜாக்கா கையிலிருந்த உறையைத் திருப்பிப் பார்த்தாள்.

"ஏம்மா, இது அந்த எட்டு மாசப் பழைய படம். ஆபரேஷனுக்கு முன்னாடி புதுசா எடுக்கச் சொன்னேனே, எடுத்தாச்சுன்னீங்களே?"

"எடுத்தோம் டாக்டர். அது... காணாமப் போச்சு."

டாக்டர் போனை எடுத்து ஸ்கேன் சென்டரில் பேசினார். அங்கே எல்லாம் பதிவில் இருந்தது. படம் எடுத்த தேதி, மறுநாள் வந்து வாங்கிப்போனவர் கையெழுத்து, கழுத்துத் தண்டில் இரண்டு இடத்தில் வெள்ளைத் தடம் என்று எழுதின அறிக்கை. ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு டாக்டர் போனை வைத்தார். அவர் கோபமெல்லாம் படவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"அப்பவே தடம் விழுந்திருக்கு. இதோ பாருங்க, இந்த வெள்ளை. அன்னிக்கு நானும் தேதியைப் பார்த்திருக்கணும். பார்த்திருந்தாலும் ஆபரேஷன் பண்ணியிருப்பேன். கை வரும்னு மட்டும் சொல்லியிருக்க மாட்டேன்."

"இனிமே...?"

"இதுதான்மா. இதுக்கு மேல வராது."

"அவரு மனசு வச்சு முயற்சி பண்ணினா?"

டாக்டர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். "மனசா? சாப்பாடெல்லாம் யார் கொடுக்கறாங்க?"

"அவரே சாப்பிடுவாரு. முட்டைகூட அவரே உரிப்பாரு."

"இந்தத் தண்டை வச்சுக்கிட்டு ஒரு மனுஷன் முட்டை உரிக்கிறார்னா அதுவே பெரிய விஷயம். அவரை யாரும் இன்னும் கஷ்டப்படுத்தாதீங்க." சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

பஸ்ஸில் வந்தது, இறங்கினது எதுவும் காஜாக்காவுக்கு நினைவில்லை. தெரு முனையில் எதிர்வரிசைக் கடைவாசலில் ஓவர்லாக் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தான். ஏழு மாதமாக இருவரும் முகம் பார்த்ததில்லை. அவள் நடையைப் பார்த்து அவனாகவே இறங்கி வந்தான்.

"என்னக்கா? மாமாவுக்கு எப்படி இருக்கு?"

"படத்தை எங்கடா வச்சே?" என்றாள்.

அவன் முகம் சுருங்கிவிட்டது. "இன்னுமா அக்கா? கதவுக்குப் பின்னாடி, பலகைமேல, எல்லாத்துக்கும் மேல வச்சேன். நூறு தடவை கேட்டாலும் அதான். நீ நம்பினா நம்பு, நம்பாட்டிப் போ."

எல்லாவற்றுக்கும் மேலே. மழை, பாக்டரி ஆள், விண்ட அச்சு, மேலே இருந்த உறை. தம்பி கூப்பிடக் கூப்பிடத் திரும்பாமல் கடைக்கு ஓடினாள்.

மாஸ்டர் மேஜை மூலையில்தான் உட்கார்ந்திருந்தார். ஏழு பொத்தான் சட்டை போட்டிருந்தார், ஐந்து பொத்தான் சரியான துளையில் இருந்தன. அவர் முன்னால் காகிதமும் காலர் அச்சும் கிடந்தன. காஜாக்கா அச்சைப் பிடுங்கிக்கொண்டு ஜன்னலுக்குப் போய் வெளிச்சத்தில் பிடித்தாள்.

படம் படமாகச் சின்னச் சின்னக் கழுத்துகள். ஒவ்வொன்றிலும் எலும்புகள் அடுக்கியிருந்தன, நடுவில் தண்டு இறங்கியது. தண்டுக்குள் இரண்டு இடத்தில் வெள்ளை. ஒரு மணி நேரத்துக்கு முன் டாக்டர் விரல் வைத்துக் காட்டின அதே வெள்ளை. காலரின் முனையில், கத்தரி தப்பவிட்ட இடத்தில், அவர் பெயரில் பாதியும் வயசும் தேதியும் பொடி எழுத்தில் இருந்தன. அவர் கழுத்தை அவள் கையாலேயே வெட்டியிருக்கிறாள். பிசிறில்லாமல் வெட்டியிருக்கிறாள்.

"ஏங்க..." என்று திரும்பினாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "ஏங்க, இது..."

"என் படம்," என்றார் மாஸ்டர்.

அவளுக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை.

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"அன்னிக்குப் பேண்ட் நனைஞ்சுதே, அன்னிலேர்ந்து. அந்த ஜன்னல்லதான் பார்த்தேன். அந்த டாக்டர் சொன்ன வெள்ளை எனக்கும் ஞாபகம் இருந்துச்சு."

"மூணு மாசமாத் தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நான் இப்படியெல்லாம்... என் தம்பியை விரட்டிட்டேனே, அவனுக்காகவாவது சொல்லியிருக்கலாமே!"

"சொல்லத்தான் வாயெடுத்தேன். நீ தரையைத் துடைச்சுக்கிட்டே அந்த அம்மாகிட்ட என் மனசைப் பத்திப் பேசிக்கிட்டிருந்தே. சரி, பேசட்டும்னு விட்டுட்டேன்."

"அய்யோ..."

"நீயா ஒருநாள் பார்ப்பே, அன்னிக்கு உன் முகம் எப்படி இருக்கும்னு பார்க்கணும்னு ஆசை வந்துடுச்சு. தினமும் அதுக்காகத்தான் இங்க வந்து உட்கார்ந்தேன். இல்லேன்னா என் கைக்கு இனிமே கோடு எதுக்கு?" குரலை உயர்த்தாமலே பேசினார், துணியின் நீளம் அகலம் சொல்வதுபோல. "நீ சொன்னது ஒண்ணுவிடாம ஞாபகம் இருக்கு. எதைக் கேட்டாலும் சொல்லுவேன்."

காஜாக்கா மேஜையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இத்தனை வருஷத்தில் அவள் அழுதால் அவர் எழுந்து வந்துவிடுவார், தலையில் கை வைப்பார். இன்று எழவில்லை. அவள் அழுது ஓயும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவள் கத்தரியை எடுத்து அச்சை இரண்டாக வெட்டப் போனாள்.

"அதுல கத்தரியை வைக்காதே," என்றார். "பதினாறு இஞ்சுக்கு அதை விட்டா வேற அச்சு இல்ல. பாக்டரிக்காரன் நாளைக்கு வர்றான். காலரும் நல்லாத்தான் விழுது."

அவள் கத்தரியைக் கீழே வைத்தாள். அவர் உள்ளங்கையை நீட்டினார். விரல்கள் முழுசாக விரியவில்லை.

"சாக்கு குடு. இன்னிக்கு இன்னும் கோடு போடல."

"வேணாங்க. உங்களைக் கும்பிடறேன். இனிமே வேணாம்."

"குடு."

கொடுத்தாள். மாஸ்டர் தன் கழுத்தைக் காகிதத்தின்மேல் வைத்து, இடது கையால் அமுக்கி, முனையில் சாக்கை வைத்தார். கோடு இரண்டு விரற்கடை போனதும் அச்சைவிட்டு விலகியது. நிறுத்திவிட்டு நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"சொல்லு."

"என்ன சொல்லணும்?"

"தினமும் சொல்வியே. கோடு கோணினா சொல்வியே. நீ சொல்லாம எனக்குக் கை ஓடாது. சொல்லு."

அவள் தலையை ஆட்டினாள். அவர் சாக்கைக் காகிதத்தைவிட்டு எடுக்காமல் அப்படியே காத்திருந்தார். வாசலில் யாரோ துணியோடு வந்து நின்றார்கள். அப்புறம் ஓவர்லாக்கும் வந்து படியில் நின்றான். அவர் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை.

"சொல்லும்மா. அவங்களுக்கும் கேட்கட்டும்."

"படத்துல..." என்று ஆரம்பித்தாள் காஜாக்கா. படியில் நின்ற தம்பியைப் பார்த்தாள். மறுபடி ஆரம்பித்தாள். "படத்துல ஒண்ணும் இல்ல. உங்களுக்குத்தான் மனசு இல்ல."

மாஸ்டர் குனிந்து கோட்டைத் தொடர்ந்தார்.